மண்ணறிந்து பசளையிடல்

புளியந்தீவு மட்டக்களப்பு வாவியின் நீர் சூழ அமைந்த சிறு நிலப்பரப்பாகும். 1638 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையும், நகரின் பழைய கடைத்தெருவும் இத்தீவிலேயே உள்ளன. இங்கிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் எழுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற கரை, ஞாயிறு படுகின்ற கரை என முன்னோர் இட்ட இப்பெயர்கள் திசையைக் குறிக்க எழுந்தவை. ஆயினும் மண்ணும் ஏறத்தாழ அதே எல்லையில் இருவேறாகப் பிரிந்து கிடக்கின்றது. எழுவான்கரையிலே கடல் ஒதுக்கிய மணல். அதன்மேல் தென்னந்தோப்புகளும், களுதாவளை போன்ற ஊர்களின் வெற்றிலைக் கொடிக்கால்களும், மிளகாய், கத்தரி முதலிய தோட்டப் பயிர்களும். படுவான்கரையிலே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரும் மாரி மழையும் நம்பி விளையும் நெல்வயல்கள். இவ்விரண்டுக்கும் இடையே, வாவியின் ஓரங்களில், உவரேறிய தரை.

ஒரு நாழிகைப் பயணத்துள் மூவகை மண்ணைக் காணத்தக்க இப்பிரதேசத்தில், கமக்காரன் வயலுக்கோ தோட்டத்துக்கோ எவ்வளவு பசளை இடுதல் வேண்டும்? எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு பொருந்துமா? ஒவ்வொரு காணிக்கும் தனித்தனி அளவு கூறுதல் இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தருவது மண் பரிசோதனை என்னும் கலை. அதன் பயனும் வரம்பும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

பொது விதியின் தேவையும் குறையும்

பயிர் மண்ணிலிருந்து பெறும் உணவுகளுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும் என்னும் உண்மையைச் செருமானிய அறிஞராகிய சுப்பிரெங்கல் 1828 அளவிலும், அவருக்குப் பின் லீபிக் என்பார் 1840 முதலும் எடுத்துரைத்தனர். நைதரசன் எவ்வளவு மிகுந்திருப்பினும் பொசுபரசு இல்லையேல் பயிர் தேறாது. பொசுபரசு நிரம்பியிருக்கும் நிலத்தில் மேலும் பொசுபரசு இடுவதாற் பயனும் இல்லை. ஆகவே, பசளையிடுமுன் மண்ணிலுள்ளது இன்னது, இல்லாதது இன்னது என அறிதல் முறையாகும்.

எனினும், ஒரு நாட்டிலுள்ள இலட்சக்கணக்கான வயல்களின் மண்ணைத் தனித்தனியே ஆய்ந்து விடை கூறுதற்குரிய ஆய்வுகூடங்களும் ஆளணியும் எங்கும் இலகுவிற் கிடைப்பனவல்ல. எனவே விவசாயத் திணைக்களங்கள் பிரதேசத்துக்கு ஒன்றாகப் பொது விதந்துரைகளை வெளியிடுகின்றன. மழைவீழ்ச்சி, நீர்ப்பாசனம், பயிரின் வயது ஆகியவற்றை நோக்கி, ஓர் ஏக்கருக்கு யூரியா இவ்வளவு, முச்சுப்பர் பொசுபேற்று இவ்வளவு, மியூரியேற்று ஒவ் பொட்டாஷ் இவ்வளவு என அவை வகுக்கப்படும். வழிகாட்டுவார் இல்லாத இடத்தில் இத்தகைய விதி பேருதவியாம் என்பதில் ஐயமில்லை.

குறை யாதெனின், விதி வழக்கமாகவும், வழக்கம் உரிமையாகவும் மாறிவிடுதலே. இலங்கையில் 1962 முதல் பசளைக்கு அரசு மானியம் வழங்கலாயிற்று. 2005 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நெற்செய்கையாளருக்கு 50 கிலோகிராம் மூடை ஒன்று 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. மானியப் பசளை காணியின் பரப்பை நோக்கி அளக்கப்படுமேயன்றி மண்ணின் நிலையை நோக்கி அளக்கப்படுவதில்லை. மலிவாகக் கிடைப்பதை விடாது இடுவது மனித இயல்பு. இவ்வாறு போகந்தோறும் இடப்பட்ட பொசுபரசிற் பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது வயலிலேயே தேங்கும். ஏனெனில், நைதரசனைப்போல நீரோடும் காற்றோடும் எளிதில் அகலும் இயல்பு பொசுபரசுக்கு இல்லை. மண்ணின் இரும்பும் அலுமினியமும் கல்சியமும் அதனைப் பற்றி வைத்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான ஒரு விதியையும் இந்நாடு கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒருங்கே தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதாயினும், பெரும்போக விதைப்பின் காலம் அதற்குள் வந்துவிட்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு என்பதும், எல்லா நிலத்துக்கும் ஒன்றுமில்லை என்பதும் நோக்கத்தில் வேறாயினும், மண்ணைக் கேளாது விதித்தமையில் ஒரு தன்மையனவே. பொசுபரசு தேங்கிய வயல் ஒரு போகம் அப்பசளையின்றித் தாங்கும். வறிய மணல் தாங்காது. நைதரசன் இன்மையையோ எந்த நெல்வயலும் நெடிது தாங்காது. இவ்வேறுபாடுகளை அறிந்தே எதனை எங்கே குறைக்கலாம் என்று கூறுதல் இயலும்.

ஒரு பிடி மண் கூறுவது

மண் பரிசோதனையின் முதற்படி மாதிரி எடுத்தல். இதிற் பிழை நேரின் பின்னர் ஆய்வுகூடத்திற் செய்யும் நுட்பம் அனைத்தும் வீணாகும். ஒரு ஹெக்டேயர் நிலத்தின் மேற்படையில், 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை உள்ள மண்ணின் நிறை ஏறத்தாழ 20 இலட்சம் கிலோகிராம். பொசுபரசைக் காண ஆய்வாளர் எடுப்பதோ 2.5 கிராம். அஃதாவது 80 கோடியில் ஒரு பங்கு, எஞ்சிய அனைத்துக்கும் சான்று கூறவேண்டும். அச்சான்று மெய்யாக வேண்டுமெனில், வயலில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இருபது இடங்களில் மண்ணெடுத்து, அவற்றை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீண்டும் கலந்து, ஈற்றில் அரைக் கிலோகிராம் அளவிற்குக் குறைத்தல் வேண்டும். வரம்பு, வாய்க்கால் ஓரம், எருக்குவியல் கிடந்த இடம், மாடுகள் பட்டி கிடந்த இடம், சூடு மிதித்த களவெட்டி ஆகியன விலக்கப்படல் வேண்டும். பசளையிட்ட அண்மையில் மண்ணெடுத்தலும் தவறு. எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, வேர்களையும் கற்களையும் நீக்கி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்துப் பயன்படுத்துவர்.

இரண்டாவது படி இரசாயன ஆய்வு. மண்ணிலுள்ள பொசுபரசு முழுவதையும் அளப்பதாற் பயனில்லை; அதன் பெரும்பகுதி பயிருக்கு எட்டாது பூட்டப்பட்டிருக்கும். பயிருக்கு எட்டக்கூடிய பகுதியை மட்டும் கரைத்தெடுக்க வல்ல கரைசல் எது என்பதே ஆய்வாளரின் நெடுநாட் கவலையாயிருந்தது. 1945 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த பிறேயும் கேட்சும் அமில மண்ணுக்கு ஏற்ற ஒரு முறையை வகுத்தனர். 1954 இல் ஒல்சனும் அவர்தம் துணைவரும் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலைக் கொண்டு, நடுநிலையும் காரத்தன்மையும் உடைய மண்ணுக்கு ஏற்ற முறையை வெளியிட்டனர். நெல்வயல்களுக்கு இன்றும் பரவலாகப் பயன்படுவது ஒல்சன் முறையே. இவற்றோடு பொற்றாசியம், சேதனப் பொருள், உப்பின் அளவு, அமிலநிலையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் ஆகியனவும் அளக்கப்படும்.

எண்ணுக்குப் பொருள் தருவது வயலே

ஆய்வுகூடம் தருவது ஓர் எண். அது மட்டும் தனித்து நின்று யாதும் கூறாது. ஒரு கிலோகிராம் மண்ணிற் பொசுபரசு 8 மில்லிகிராம் என்றால், அது மிகையா குறையா? இதனைச் சொல்ல வல்லது ஆய்வுகூடமன்று. வயலிற் செய்யும் பரீட்சையே. வெவ்வேறு பெறுமானமுள்ள பல வயல்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் பொசுபரசிட்ட பாத்தியும் இடாத பாத்தியும் அமைத்து, விளைச்சலை ஒப்பிடுவர். எந்த எண்ணுக்குக் கீழே பசளை பயன் தருகின்றது, எந்த எண்ணுக்கு மேலே பயன் தரவில்லை என்பது அப்பொழுது தெளியும். அவ்வெல்லையே மாறுநிலை அளவு எனப்படும். 1965 இல் கேற்று, நெல்சன் என்னும் இருவர் இவ்வெல்லையை வரைபடத்தில் எளிதிற் காணும் முறையொன்றை அமைத்தனர்.

2000 ஆம் ஆண்டில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கைந்நூல் ஒன்று இவ்வெல்லைகளைத் தொகுத்துக் கூறுகின்றது. ஒல்சன் முறையில் ஒரு கிலோகிராம் மண்ணிற் பொசுபரசு 5 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பசளைக்கு நெல் உறுதியாக இசையும். 5 முதல் 10 வரையெனின் இசைதல் கூடும். 10 இற்கு மேற்படின், மிக உயர்ந்த விளைச்சலை நாடினாலன்றி இசையாது. பொற்றாசியத்துக்கு இதன் கீழெல்லை ஒரு கிலோகிராம் மண்ணில் ஏறத்தாழ 60 மில்லிகிராம். மேற்கண்ட வினாவின் விடையும் இதனாற் பெறப்படும். 8 என்பது ஐயத்துக்கிடமான நடுத்தரம். அங்கே பயிர் எடுத்துச் செல்லும் அளவை ஈடுசெய்யப் பசளையிடல் போதும்.

ஆயினும், ஓரிடத்து எல்லையை வேறோரிடத்துக்கு அப்படியே கொண்டு செல்லுதல் ஆபத்தானது. மலைநாட்டுத் தேயிலைக்கும் மட்டக்களப்பு நெல்லுக்கும் மாறுநிலை அளவு ஒன்றாதல் இல்லை. ஒரே மண்ணில் மேட்டுப் பயிருக்குக் குறையெனத் தோன்றும் பொசுபரசு நீர் நிறுத்திய நெல்லுக்குப் போதியதாதலும் உண்டு. நீரின் கீழே ஒட்சிசன் அற்றுப்போக, இரும்பு தன் நிலை மாறி, தான் பற்றியிருந்த பொசுபரசை விட்டுவிடுவதே இதற்குக் காரணம். எனவே, படுவான்கரை வயல்களுக்குரிய எல்லை படுவான்கரை வயல்களிலேயே காணப்படுதல் வேண்டும்.

சராசரியின் மயக்கு

பல மண் மாதிரிகளின் பெறுபேறுகளைத் திரட்டி ஒரு பிரதேசத்துக்குப் பொதுவாக யாது கூறலாம்? இதற்கு 1951 இல் பாக்கர் என்பார் ஒரு சுட்டெண்ணை வகுத்தார். மாதிரிகளைக் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்றாகப் பகுத்து, குறைவானவற்றின் தொகையை ஒன்றாலும், நடுத்தரமானவற்றின் தொகையை இரண்டாலும், மிகுதியானவற்றின் தொகையை மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, மொத்த மாதிரிகளின் தொகையால் வகுத்தால் அச்சுட்டெண் கிடைக்கும். இந்தியாவில் 1955-56 இல் இருபத்துநான்கு மண் பரிசோதனைக் கூடங்கள் நிறுவப்பட்டன. அத்தகைய கூடங்கள் திரட்டிய பெறுபேறுகளைக் கொண்டு இராமமூர்த்தி, பஜாஜ் என்னும் அறிஞர் 1969 இல் இச்சுட்டெண்ணின் வழியே அந்நாட்டின் மண்வளப் படங்களை ஆக்கினர். சுட்டெண் 1.67 இற்குக் குறைந்தால் அப்பிரதேசம் வறியது, 2.33 இற்கு மேற்பட்டால் வளமுடையது, இடைப்பட்டது நடுத்தரம் என்பது அவர்கள் கொண்ட வரையறை.

இம்முறை எளியது, பயன் மிக்கது. ஆயினும், இதில் ஒரு மயக்கு உண்டு. எடுத்துக்காட்டாக, நூறு மாதிரிகளும் நடுத்தரமாயுள்ள ஒரு பிரதேசத்தைக் கொள்க. நூறை இரண்டாற் பெருக்கி நூறால் வகுக்கச் சுட்டெண் 2.0. இனி, ஐம்பது மாதிரிகள் குறைவாகவும் ஐம்பது மிகுதியாகவும் உள்ள வேறொரு பிரதேசத்தைக் கொள்க. ஐம்பதும் நூற்றைம்பதும் கூட இருநூறு. நூறால் வகுக்க அதுவும் 2.0. இரண்டும் நடுத்தரம் என்றே குறிக்கப்படும். முதற் பிரதேசத்தில் நடுத்தர அளவுப் பசளை எல்லார்க்கும் பொருந்தும். இரண்டாம் பிரதேசத்திலோ அதே அளவு ஒருவருக்கும் பொருந்தாது. பாதிப்பேர் பசியோடிருக்கும் பயிரைக் காண்பர், மறுபாதியினர் பணத்தை மண்ணிற் புதைப்பர்.

எழுவான்கரையையும் படுவான்கரையையும் சேர்த்து மட்டக்களப்பு மாவட்டம் என்று ஒரு சராசரி காண்பது இவ்விரண்டாம் பிரதேசத்தை ஒத்தது. இலங்கையின் மண்வகைகளை மூர்மனும் பானபொக்கவும் 1961 இல் பெருங்குழுக்களாக வகுத்துக் காட்டினர். அவ்வகுப்பின்படி கீழைக்கரை ஓரம் மணல் ரெகோசோல் மண். உள்நாட்டிற் பரந்து கிடப்பது, வெளிறிய கருங்கற் பாறையிலிருந்து பிறந்த, கல்சியம் குறைந்த கபில மண். ஆற்றுப் படுகைகளில் வண்டல். தாழ்ந்த இடங்களில் நீர்தேங்கு மண். ஆங்காங்கே சோடியம் மிக்க காரத்தரை. நாட்டின் விவசாயக் காலநிலைப் பிரிவுகள் 2003 இல் நாற்பத்தாறாக வகுக்கப்பட்டன. மழையை நோக்கிய இவ்வெல்லையும், மண்ணை நோக்கிய முன்னைய எல்லையும், ஆட்சியை நோக்கிய மாவட்ட எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. விதந்துரைக்குரிய பிரதேசம் மண்ணாலும் நீராலும் வகுக்கப்படல் வேண்டுமேயன்றிப் பிரதேசச் செயலகத்தின் எல்லைக் கல்லால் வகுக்கப்படல் ஆகாது.

சுண்ணாம்பு இடலாமா?

மண் பரிசோதனையின் அருமை சுண்ணாம்பு பற்றிய வினாவில் இன்னும் தெளிவாகும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு மருந்து என்பது பலரும் அறிந்தது. எல்லா அமில மண்ணுக்கும் அது வேண்டுமா என்பதே ஆராயத்தக்கது.

ஈர வலயத்தின் தாழ்ந்த வயல்களில் நெல்லின் இலைகள் வெண்கல நிறமுற்று வாடும் ஒரு நோய் காணப்பட்டது. கிருமியாலோ பூச்சியாலோ வந்ததன்று. இலங்கையராகிய பீலிக்ஸ் பொன்னம்பெரும, அமெரிக்க அறிஞர் பிறட்பீல்ட், பீச் ஆகியோருடன் 1955 இல் வெளியிட்ட கட்டுரையில், நீரின் கீழே கரைந்து மிகுந்த இரும்பே அதன் காரணம் என நிறுவினார். 1958 இல் அந்நோய்க்குச் சுண்ணாம்பு பரிகாரமாதலையும் எடுத்துக்காட்டினார். அங்கே சுண்ணாம்பு பொருந்தியது. ஏனெனில் நோயின் காரணம் அறியப்பட்டது.

அவ்வறிஞரே நீர் நிறுத்திய மண்ணின் இரசாயனத்தை நெடுங்காலம் ஆராய்ந்து, 1972 இல் வெளியிட்ட விரிவான கட்டுரையிலே மற்றோர் உண்மையையும் விளக்கினார். அமில மண்ணில் நீர் நிறுத்தின் சில வாரங்களுள் அதன் பீ.எச். உயர்ந்து நடுநிலையை அணுகும். கார மண்ணில் நிறுத்தின் இறங்கி நடுநிலையை அணுகும். உலர்ந்த மண்ணில் 5.5 அல்லது 6 எனக் கண்ட எண், நாற்று வேரூன்றும் காலத்தில் 6.5 அளவை எட்டியிருத்தல் இயல்பு. ஆகவே, சிறிதளவே அமிலத்தன்மையுள்ள படுவான்கரை வயலின் எண்ணைத் தாளிற் கண்ட அளவில் சுண்ணாம்பு வாங்க ஓடவேண்டியதில்லை. நீரே அங்குச் சுண்ணாம்பின் தொழிலைச் செய்கின்றது.

தேயிலையின் நிலை வேறு. அச்செடி 4.5 முதல் 5.5 வரையுள்ள அமிலநிலையை விரும்புவது; அதனினும் அமிலம் மிகுமிடத்து மட்டும், கவ்வாத்து வட்டத்துக்கு ஒருமுறை டொலமைற்று இடுவர். அதே சுண்ணாம்பை எழுவான்கரை மணலில் மிகுதியாக இட்டால் நிகழ்வது யாது? மணலிற் களியும் சேதனப் பொருளும் அரிது. ஆதலின், மாற்றத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அதற்கு இல்லை. களிமண்ணில் யாதும் செய்யாத அளவு சுண்ணாம்பு மணலின் பீ.எச். பெறுமானத்தைச் சடுதியாக உயர்த்திவிடும். உயர்ந்தபின் நாகம், இரும்பு, மங்கனீசு ஆகிய நுண்ணுணவுகள் பயிருக்கு எட்டாவாம், இளந்தளிர் வெளிறும். சிப்பித் துண்டுகள் கலந்த கடலோர மணலில் இயற்கையிலேயே சுண்ணாம்பு உண்டென்பதும் மறக்கத்தக்கதன்று. எனவே, சுண்ணாம்பின் அளவைக் கூறுதற்குப் பீ.எச். எண் மட்டும் போதாது. மண்ணின் எதிர்க்கும் ஆற்றலும் அறியப்படல் வேண்டும். 1961 இல் சூமேக்கர் முதலிய மூவர் வகுத்த தாங்கற் கரைசல் முறை இதற்கென்றே எழுந்தது.

வாவியோரத் தரை இன்னும் வேறு. அங்குள்ள குறை அமிலமன்று, உப்பும் சோடியமும். உப்பு மட்டுமெனின் நன்னீர் பாய்ச்சி வடித்தல் போதும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரைகளை மூடியபின் நிலங்களில் ஏறியது கடலுப்பு. இத்தகைய உப்பு, நீர் இலகுவில் இறங்கும் மணலில் மாரி மழையாற் கழுவப்படும். வடிகாலற்ற களித்தரையிலே நெடிது தங்கும். சோடியம் களியோடு ஒட்டிக்கொண்ட தரையில் மண் சேறாகி இறுகும். அதற்கு வேண்டுவது சுண்ணாம்பன்று; ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்று. அமிலமற்ற அத்தரையிலே சுண்ணாம்பு கரையாது கிடக்கும். ஜிப்சமோ கரைந்து தன் கல்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வெளியேற்றும். இரண்டும் வெண்ணிறத் தூள், இரண்டும் கல்சியம். ஆயினும், பரிசோதியாது ஒன்றுக்கு மற்றொன்றை இடுவது காய்ச்சலுக்கு வயிற்றுவலி மருந்து கொடுப்பதை ஒக்கும்.

நைதரசனும் கிணற்று நீரும்

மண் பரிசோதனையின் வரம்பையும் கூறுதல் முறைமையாகும். நெற்செய்கையில் நைதரசனுக்கு நம்பத்தக்க எளிய மண் பரிசோதனை இல்லை. இன்று நைத்திரேற்றாக இருப்பது நாளை நீர் நின்றவுடன் வாயுவாகிப் பறந்துவிடும். ஆதலின், நைதரசனின் அளவு எதிர்பார்க்கும் விளைச்சலை நோக்கி வகுக்கப்படும். ஒரு தொன் நெல்லை விளைவிக்க ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் நைதரசனைப் பயிர் எடுக்கும். அதனை ஒருங்கே இடாது, வேரூன்றும்போதும், மட்டம் வெடிக்கும்போதும், குடலைப் பருவத்திலும் பகுத்திடல் வேண்டும். இலையின் பசுமையை ஒப்பிட்டு அறியும் இலைநிற அட்டை இங்கு மண் பரிசோதனையிலும் சிறந்த துணை.

எழுவான்கரைத் தோட்டங்களில் இவ்வினா உடல்நலத்தோடும் தொடர்புடையது. மணலில் இட்ட யூரியா விரைவில் நைத்திரேற்றாகும். அதனைப் பற்றி நிறுத்தக் களி இல்லை. நீரிறைக்குந்தோறும், மழை பெய்யுந்தோறும் அது கீழிறங்கி ஆழமற்ற நிலத்தடி நீரைச் சேரும். தோட்டத்துக்கும் அடுக்களைக்கும் ஒரே கிணறாக உள்ள ஊரில், இட்ட பசளை குடத்துக்கு வருதற்கு நெடுந்தூரமில்லை. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் இவ்வபாயம் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. படுவான்கரையிலிருந்து வடியும் நீரோ வாவியைச் சேரும். முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்திருக்கும் மாதங்களில் அந்நீருக்குப் போக்கிடமில்லை. வயலுக்கு மிகையான பொசுபரசும் நைதரசனும் அங்கே பாசிக்கும் நீர்த்தாவரங்களுக்கும் உணவாகின்றன. ஆகவே, மிகையாக இடுதல் கமக்காரனின் பணத்துக்கு மட்டும் நட்டமன்று; மீன்பிடித்து வாழ்வோருக்கும் நட்டமே.

வட்டையே ஏற்ற அளவு

மாவட்டம் மிகப் பெரிது. தனிவயல் மிகச் சிறிது. இரண்டுக்கும் இடையே பொருந்திய அளவு உண்டா? மட்டக்களப்பு மக்களின் மரபிலேயே அஃது உண்டு. வயற்பரப்பை அவர்கள் வட்டை வட்டையாகப் பிரித்து வழங்குவர். ஒரு வட்டை பெரும்பாலும் ஒரே வாய்க்கால் நீரைப் பெறுவது. அதன் நீர்முறையையும் வேலியையும் கவனிக்க வட்டவிதானை என ஒருவர் இருப்பார். உழவும் விதைப்பும் நீர் விடுதலும் கூடிப் பேசித் தீர்மானிக்கப்படும். நீராலும் நிலத்தாலும் ஒன்றுபட்ட இவ்வலகை விட, மண் மாதிரிக்கும் விதந்துரைக்கும் ஏற்ற பிரதேசம் வேறில்லை.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, ஒவ்வொரு வட்டையிலும் மேட்டுப்பகுதி, நடுப்பகுதி, பள்ளப்பகுதி என மூன்று கூட்டு மாதிரிகள் எடுத்துப் பொசுபரசு, பொற்றாசியம், பீ.எச்., உப்பு ஆகியன ஆய்தல். நீரோடு நுண்மண்ணும் உணவும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குதலால் இம்மூன்றும் வேறுபடும். பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றின் நிலை மெல்ல மாறுவதாதலின், போகந்தோறும் ஆய வேண்டியதில்லை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இரண்டாவது, வட்டைக்கு ஒரு வயலில் சிறு துண்டொன்றைப் பொசுபரசு இடாமலும், மற்றொன்றைப் பொற்றாசியம் இடாமலும் விட்டு, வேளாண்மை வெட்டும்போது விளைவை நிறுத்துப் பார்த்தல். ஆய்வுகூடத்தின் எண் மெய்யா என்பதை அத்துண்டே கூறும். கமக்காரனும் பிறர் சொல்லை நம்பாது தன் கண்ணால் அறிவான். மூன்றாவது, பெறுபேற்றைச் சராசரியாக அன்றி, குறைவு இத்தனை, நடுத்தரம் இத்தனை, மிகுதி இத்தனை எனப் பிரித்தே அறிவித்தல்.

இவற்றோடு வைக்கோலையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. முன்னாளிற் சூடு மிதித்த களவெட்டியில் வைக்கோல் குவிந்து நின்றது. இந்நாளில் அறுவடை இயந்திரம் அதனை வயலிலேயே வரிசையாக விட்டுச் செல்கின்றது. அதனைப் பரப்பி உழுதால் பொற்றாசியம் வயலுக்கே மீளும். எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையாகப் போகும். சாம்பலும் ஒரே இடத்திற் குவியும். வைக்கோலை மீளவிடும் வட்டைக்கும் விற்றுவிடும் வட்டைக்கும் ஒரே அளவு மியூரியேற்று விதித்தல் நியாயமாகாது.

இவை செய்தற்குரிய கல்வியும் கருவியும் இந்நாட்டில் இல்லாதனவல்ல. 1912 முதல் விவசாயத் திணைக்களமும், 1952 முதல் பத்தலகொடையில் நெல்லாராய்ச்சி நிலையமும் உள்ளன. மட்டக்களப்பிலேயே, 1981 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்து, வந்தாறுமூலையில் விவசாய பீடத்தோடு விளங்குகின்றது. வேண்டுவது ஆய்வுகூடத்துக்கும் வட்டைக்கும் இடையே நடக்கும் கால்களே.

கமத்தொழிலில் முதிர்ந்த முல்லைக்காரன் வயலிற் காலை வைத்த அளவில் இது மணற்பாங்கு, இது களிப்பாங்கு, இது உவர் என்று கூறுவான். எந்த மூலையில் நெல் முன்னே மஞ்சளாகும் என்பதும் அவனுக்குத் தெரியும். மண் பரிசோதனை அவ்வறிவுக்குப் பகையன்று. கால் உணர்ந்ததற்கு எண் தருவதும், கால் உணரமாட்டாத பொசுபரசையும் பொற்றாசியத்தையும் காட்டித் தருவதுமே அதன் தொழில். மாதிரி எடுக்கவேண்டிய இடத்தை முல்லைக்காரன் காட்ட, எடுத்த மண்ணின் குறையை ஆய்வாளன் காட்ட, இருவர் சொல்லும் ஒன்றிய இடத்தில் வகுக்கப்படும் விதியே அப்பிரதேசத்துக்குரிய விதியாம். எழுவான்கரைக்கு ஒன்றும் படுவான்கரைக்கு ஒன்றுமாக அது வேறுபடுமெனின், அவ்வேறுபாடு விதியின் குறையன்று, மண்ணின் இயல்பேயாகும்.